மன்ஸில் கணக்கு: லே – யார்கந்து மலைப்பாதையும் அதை அறிந்த மக்களும்

வணிகர்கள் பொதிவிலங்குகளுடன் கூட்டமாகச் சேர்ந்து நெடுவழி செல்வதைப் பழந்தமிழ் 'சாத்து' என்றது. கோவலனின் தந்தையான மாசாத்துவானின் பெயரில் அச்சொல் இன்றும் நிற்கிறது. அரபியர் அதைக் 'காஃபிலா' என்றனர். பாரசீகர் 'கார்வான்' என்றனர். சாத்து ஒரு பகல் நடந்து, பொதி இறக்கி, இராத் தங்கும் இடத்துக்கு 'மன்ஸில்' என்று பெயர். நம் ஊர்களில் வீட்டு வாசல்களில் உரிமையாளரின் பெயரோடு சேர்த்து எழுதப்படும் அதே சொல்தான் இது. இறங்கித் தங்குமிடம் என்பது அதன் மூலப்பொருள். ஒரு நெடும்பயணத்தைத் திட்டமிடுவது என்றால் மன்ஸில்களை எண்ணுவது என்றே அக்காலத்தவர் பொருள் கொண்டனர். எத்தனை மன்ஸில்கள், எந்த மன்ஸிலில் நீர் உண்டு, எதில் புல் உண்டு, எதில் விறகு உண்டு, எதில் இம்மூன்றும் இல்லை என்று அறிந்தவனே வழி அறிந்தவன் எனக் கருதப்பட்டான்.

உலகில் இக்கணக்கு மிகக் கடுமையாக இருந்த பாதைகளுள் ஒன்று, லடாக்கின் தலைநகரான லேயிலிருந்து காரகோரம் கணவாய் வழியாகக் கிழக்குத் துருக்கிஸ்தானின் யார்கந்துக்குச் சென்ற பாதை. இன்று லடாக்குக்குச் சாலைவழிப் பயணம் போக விரும்புவோர் பெருகிவிட்டனர். எத்தனை நாட்கள், எந்த வழி, எங்கே இரவுத் தங்கல் என்பன அவர்கள் முதலில் கேட்கும் கேள்விகள். இக்கேள்விகளுக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கண்டு, அவ்விடைகளைத் தம் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகக் கற்றுத்தந்த ஒரு மக்கட்கூட்டம் அம்மலைகளில் வாழ்ந்தது. அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களுடைய அறிவு எத்தகையது, அதைப் புறக்கணித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

நிலமும் காற்றும்

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். யார்கந்து செல்லும் சாத்து அங்கிருந்து கர்துங், சாசேர், காரகோரம், சுகேத், சஞ்சு ஆகிய கணவாய்களைக் கடக்கவேண்டும். கர்துங் கணவாயின் பெயர்ப்பலகையில் 18,380 அடி என்று நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தபோதிலும், பிற்கால அளவீடுகள் அதன் உயரத்தை 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,580 அடி என்றே காட்டுகின்றன. சாசேர் 5,400 மீட்டருக்கும் சற்று மேல். அதன் மேற்பரப்பில் பனியாறு படர்ந்திருக்கிறது. காரகோரம் கணவாய் 5,540 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. நுப்ரா பள்ளத்தாக்கின் கடைசிப் பெரிய ஊரான பனாமிக்கைத் தாண்டிவிட்டால் பல நாட்களுக்குப் பயிரும் இல்லை, குடியிருப்பும் இல்லை. சாசேருக்கும் சுகேத்துக்கும் இடைப்பட்ட வெளியில் குதிரைக்குப் புல்லும் கிடையாது. இறந்துபோன விலங்குகளின் எலும்புகளே வழியடையாளமாகக் கிடந்தன என்று அப்பாதையில் சென்ற பயணிகள் பலரும் எழுதி வைத்திருக்கின்றனர்.

உயரமான இடங்களில் மனிதனுக்கு உண்டாகும் நோயை முன்னோர் அறிந்தே இருந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் சீன அலுவலர் ஒருவர் மேற்குத் திசைப் பாதையில் உள்ள மலைகளைப் 'பெரிய தலைவலி மலை' என்றும் 'சிறிய தலைவலி மலை' என்றும் குறிப்பிட்டு, அவ்வழியில் தூதரை அனுப்புவது தகாது என்று அரசுக்கு அறிவுரை கூறினார். ஆயினும் அந்நோயின் குறிகளை வரிசைப்படுத்தித் தெளிவாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவர், 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் வரலாற்றாசிரியர். அவர் ஒரு படைத்தலைவரும் ஆவார். அவருடைய படையே அந்நோய்க்கு இரையானது.

படையின் கணக்கு

மிர்ஸா ஹைதர் துக்லத் முகலாயப் பேரரசர் பாபருக்குத் தாய்வழியில் நெருங்கிய உறவினர். இருவருடைய அன்னையரும் உடன்பிறந்தவர்கள். யார்கந்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சுல்தான் ஸயீத் கான் 1532ஆம் ஆண்டில் லடாக்கின்மீது படையெடுத்தபோது ஹைதரும் உடன் சென்றார். மலைகளைக் கடக்கும்போதே கான் நோயுற்றார். மறு ஆண்டு தாயகம் திரும்ப முடிவு செய்த கான், லாஸாவரை சென்று அந்நகரை வெல்லும்படி ஹைதருக்கு ஆணையிட்டார். திரும்பும் வழியில், 1533ஆம் ஆண்டின் கோடையில், காரகோரத்துக்கு அருகே அந்நோயாலேயே கான் உயிர் நீத்தார். அப்பகுதியில் 'தௌலத் பெக் ஓல்டி' என்று ஓர் இடம் உண்டு. பெருஞ்செல்வர் இறந்த இடம் என்பது அத்துருக்கிப் பெயரின் பொருள். கானின் மரணத்தோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவோர் உளர்.

ஹைதரின் லாஸாப் படையெடுப்பும் தோல்வியிலேயே முடிந்தது. எதிரியின் வாளைவிட உயரமே அவரை வென்றது. குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. லாஸாவுக்கு எட்டு நாள் தொலைவில், மேலே செல்ல வழியின்றி அவர் திரும்பினார். பின்னர் காஷ்மீரை வென்று 1540 முதல் 1551 வரை அதை ஆண்ட காலத்தில், பாரசீக மொழியில் 'தாரீகே ரஷீதி' என்ற வரலாற்று நூலை எழுதினார். அந்நூலில் 'தம்கீரி', அதாவது மூச்சைப் பிடிக்கும் நோய் என்ற பெயரில் மலைநோயை விவரிக்கிறார். பாரம் சுமந்து ஓடியவனைப்போல் மூச்சு இரைத்தல், உறக்கமின்மை, கைகால் வீக்கம், பேச்சுக் குழறுதல், பின் திடீர் மரணம் என்று அவர் தரும் குறிகளை இன்றைய மருத்துவர் எளிதில் இனங்காண்பர். நுரையீரலில் நீர் கோத்தலும் மூளை வீங்குதலுமே அவை. இந்நோய் அயலாரையே பற்றுகிறது, அம்மண்ணில் பிறந்தோர் அதை அறியார் என்றும் அவர் குறித்திருக்கிறார். தென்னமெரிக்க மலைகளில் தாம் உற்ற மலைநோயைப் பற்றி ஸ்பானியப் பாதிரியார் அகோஸ்தா எழுதிய புகழ்பெற்ற நூல் 1590இல்தான் வெளிவந்தது என்பது இங்கே ஒப்புநோக்கத்தக்கது.

ஹைதரின் நூலுக்கு அறிவியல் வரலாற்றில் உள்ள மதிப்பை நாம் போற்றுகிறோம். ஆனால் அதே நூல் மற்றொரு பாடத்தையும் நமக்குத் தருகிறது. படைக்கு வீரம் இருந்தது, ஆணை இருந்தது, ஆயுதம் இருந்தது. எத்தனை நாட்களில் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரமும் இருந்தது. அம்மலைகளோ அவசரத்தைப் பொறுப்பதில்லை. எந்தப் பாதையில் ஒரு மன்னரும் அவருடைய குதிரைகளும் மாண்டார்களோ, அதே பாதையில் எளிய வணிகர்கள் பின்வந்த நூற்றாண்டுகளில் ஆண்டுதோறும் போய்வந்தனர். அவர்களிடம் இருந்தது எது?

சாத்தின் கணக்கு

லே நகரின் கடைத்தெருவில் யார்கந்திகள், காஷ்மீரிகள், பல்தீகள், பஞ்சாபிகள், திபெத்தியர் எனப் பல நாட்டினர் கூடினர். மத்திய ஆசியாவிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வந்த முஸ்லிம் வணிகர் பலர் லடாக்கியப் பெண்களை மணந்து அங்கேயே குடியமர்ந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் 'அர்கோன்' என்றழைக்கப்பட்டனர். தந்தைவழியில் துருக்கியும் பாரசீகமும், தாய்வழியில் லடாக்கியும் பேசி வளர்ந்த இம்மக்கள் இரு உலகங்களுக்கிடையே பிறவித் தரகர்கள் ஆயினர். லேயின் ஜாமிஆ பள்ளிவாசல், லடாக் மன்னருக்கும் பேரரசர் ஒளரங்கசீபுக்கும் இடையிலான உடன்பாட்டைத் தொடர்ந்து 1660களில் எழுந்தது. அதன் அடிவாரத்துக் கடைவீதியும் அதைச் சூழ்ந்த சராய்களும் இம்மக்களின் உலகம்.

பொதிக்குதிரைகளை வாடகைக்கு ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் 'கிராயாகஷ்' எனப்பட்டனர். அவர்களுடைய திட்டம் எந்த ஏட்டிலும் எழுதப்படாதது; ஆயினும் மிகத் துல்லியமானது. ஒரு குதிரை ஏறத்தாழ 100 கிலோ சுமக்கும். ஆனால் புல்லற்ற மன்ஸில்களுக்கு வேண்டிய வாற்கோதுமையையும் குதிரையே சுமக்கவேண்டும். எனவே சில குதிரைகள் சரக்கையும் சில குதிரைகள் குதிரைகளின் தீவனத்தையும் சுமந்தன. தீவனம் மிகுந்தால் சரக்கு குறையும், இலாபம் போகும். தீவனம் குறைந்தால் குதிரை சாகும், சரக்கும் போகும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் கிராயாகஷின் கணக்கு.

கர்துங்கையும் சாசேரையும் ஏறுமிடங்களில் பொதிகளைக் குதிரையிலிருந்து இறக்கி, வாடகை யாக்குகளின் முதுகில் ஏற்றுவர். பனியில் வழி உணர்ந்து நடப்பதில் யாக்குக்கு நிகரில்லை. ஏற்றத்துக்கு முன் நுப்ராவின் பசும்புல் வெளிகளில் விலங்குகளை நாட்கணக்கில் மேயவிட்டு உடல் தேற்றுவர். அவ்வேளையில் மனிதரும் ஓய்வு கொள்வர். உடல் உயரத்துக்குப் பழக இடைவெளி வேண்டும் என்று இன்றைய மருத்துவம் கூறுவதை அவர்கள் குதிரையின்மேல் வைத்த அக்கறையின் வழியாகக் கடைப்பிடித்தனர். கோடையில் ஷ்யோக் ஆறு பெருகும். பனி உருகி நீர் உயர்வது பிற்பகலில். ஆதலால் ஆற்றைக் காலையிலேயே கடப்பர். குளிர்காலத்திலோ ஆறு உறைந்துவிடும். அப்போது ஆற்றுப்படுகையே பாதையாகும். ஒரே ஆற்றுக்கு ஒரு பருவத்தில் ஒரு கணக்கு, மறுபருவத்தில் வேறொரு கணக்கு. விறகற்ற வெளிகளில் 'புர்ட்சே' என்னும் குறுஞ்செடியின் வேரைத் தோண்டி எரித்தனர். வறுத்த வாற்கோதுமை மாவும், உப்பும் வெண்ணெயும் இட்ட தேநீரும், உலர்ந்த குபானிப் பழமும் உணவாயின. குறைந்த எரிபொருளில் ஆகும் உணவு அது. லேயிலிருந்து யார்கந்துக்கு இவ்வாறு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

இப்பாதையில் வணிகர் மட்டும் செல்லவில்லை. யார்கந்திலிருந்தும் காஷ்கரிலிருந்தும் மக்கா செல்ல விரும்பிய ஹாஜிகள் பலர் இம்மலைகளைக் கடந்து லே வந்து, காஷ்மீர், பஞ்சாப் வழியாகப் பம்பாய் சென்று கப்பல் ஏறினர். பயணிக்கு மார்க்கம் அளித்த கஸ்ர் தொழுகை, தயம்மும் ஆகிய சலுகைகளின் அருமையை, உறைபனியில் உளூவுக்கு நீர் தேடியவர்கள் நம்மைவிட நன்கு உணர்ந்திருப்பர்.

சாத்துகளின் வாழ்வில் நாம் தனித்துக் குறிப்பிட விரும்புவது ஒன்று உண்டு. வழியில் குதிரை இறந்துவிட்டால் அதன் பொதியைப் பாதையோரத்திலேயே அடுக்கி வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே செல்வர். வாரங்கள் கழித்தும் உரியவன் திரும்பி வந்து எடுத்துக்கொள்வான். அவ்வழியே செல்லும் வேறெவரும் அதைத் தொடுவதில்லை. பழைய வணிகர்களின் நினைவுகளைத் திரட்டி இப்பாதையின் வரலாற்றை எழுதிய ஜேனட் ரிஸ்வியின் நூல் 1999இல் வெளிவந்தது. அதுபோன்ற ஆய்வுகளாலும் பயணக் குறிப்புகளாலும் இவ்வழக்கம் நமக்குத் தெரியவருகிறது. காவலரோ நீதிமன்றமோ இல்லாத அவ்வெளியில் இந்த அமானிதமே பாதையைப் பாதையாக வைத்திருந்தது. நாளை தன் குதிரையும் இறக்கலாம் என்பதை ஒவ்வொருவனும் அறிந்திருந்தான். இவ்வணிகர்கள் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று நாம் கூற வரவில்லை. யார்கந்திலிருந்து வந்த பட்டு, கம்பளம், வெள்ளி ஆகியவற்றோடு, அன்று சட்டம் அனுமதித்த 'சரஸ்' என்னும் போதைப்பொருளும் பெருமளவில் இப்பாதையில்தான் வந்தது. எனினும் பாதையின் ஒழுக்கம் என்ற ஒன்றை அவர்கள் கட்டிக்காத்தனர் என்பதை மறுக்க இயலாது.

ஏட்டில் ஏறிய பாதை

வாய்மொழியாக இருந்த இக்கணக்கை ஏட்டில் ஏற்றியவர்களும் முஸ்லிம்களே. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான வில்லியம் மூர்கிராப்ட் மத்திய ஆசியா செல்ல எண்ணியபோது, 1812இல் மீர் இஸ்ஸத்துல்லாஹ் என்னும் முன்ஷியை முன்னதாக அனுப்பினார். அவர் காஷ்மீரிலிருந்து லே, யார்கந்து, காஷ்கர், சமர்கந்து வழியாகப் புகாராவரை சென்று, மன்ஸில் மன்ஸிலாகத் தம் வழியைப் பாரசீகத்தில் எழுதிவந்தார். மூர்கிராப்ட் 1820 முதல் 1822 வரை லேயில் காத்திருந்தும் யார்கந்து செல்ல அனுமதி பெற இயலவில்லை. பின்னாளைய ஆங்கிலேயர் நம்பி நடந்த வழிக்குறிப்புகளுள் முன்ஷியின் ஏடும் ஒன்று.

1863ஆம் ஆண்டில் முஹம்மதே ஹமீத் என்ற முன்ஷி, நில அளவைத் துறையின் மாண்ட்கோமரியிடம் பயிற்சி பெற்று, அளவைக் கருவிகளை மறைத்துக்கொண்டு, வணிகர் வேடத்தில் சாத்தோடு சாத்தாக யார்கந்து சென்றார். குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கி நகரின் இருப்பிடத்தைக் கணித்தார். 1864இல் திரும்பும் வழியில் மலைகளிலேயே இறந்தார். அவருடைய குறிப்பேடுகள் மட்டும் மீட்கப்பட்டன. ஆசிய வரைபடத்தில் யார்கந்தின் இடத்தைத் திருத்தியமைத்தவை அவை. இமயத்தை இரகசியமாக அளந்தவர்களைப் 'பண்டிதர்கள்' என்று வரலாறு போற்றுகிறது. அவ்வரிசையின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு முன்ஷி என்பதை நம்மவரே பலர் அறியார்.

வரைபடம் கைக்கு வந்தபின் ஆட்சியாளருக்கு வேறொரு எண்ணம் தோன்றியது. சாத்துகள் செல்லும் செங்குத்தான பாதையைவிட, கிழக்கே சாங்சென்மோ வழியாக அக்ஸாய் சின் மேட்டுநிலத்தைக் கடக்கும் வழி சரிவு குறைந்தது என்று கண்டனர். 1870இல் காஷ்மீர் மகாராஜா ரன்பீர் சிங்குக்கும் அரசப்பிரதிநிதி மேயோ பிரபுவுக்கும் இடையே ஏற்பட்ட வணிக உடன்படிக்கை அவ்வழியை வளர்க்க முனைந்தது. லேயில் கூட்டு ஆணையர் பதவியும் உருவானது. அவ்வாண்டு அவ்வழியே சென்ற போர்சைத் தூதுக்குழு பொதிவிலங்குகள் பலவற்றை இழந்தது. கணவாய்கள் எளியவை என்பது மெய்தான். ஆனால் புல்லும் விறகும் அற்ற உயர்ந்த வெளியில் கழிக்கவேண்டிய இரவுகள் மிகுதி. செங்குத்தாக ஏறி விரைவில் இறங்கிவிடும் பழைய பாதையையே வணிகர்கள் தொடர்ந்து பயன்படுத்தினர். எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறோம் என்பதைவிட எவ்வளவு உயரத்தில் உறங்குகிறோம் என்பதே உயிருக்கு முக்கியம் என்ற இன்றைய மருத்துவ விதி, அந்த மறுப்பில் அடங்கியிருக்கிறது. போர்சையின் இரண்டாவது தூதுக்குழுவில் இருந்த இயற்கை அறிஞர் ஸ்டோலிச்கா, 1874 ஜூன் மாதம் திரும்பும் வழியில் முர்கோ என்னுமிடத்தில் மலைநோயால் இறந்தார். அவருடைய நினைவுத்தூண் லேயில் இருக்கிறது.

அதே காலத்தில் லேயின் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் குலாம் ரசூல் கல்வான். சிறுவயதிலேயே குதிரைக்காரப் பையனாக ஐரோப்பியப் பயணிகளோடு மலையேறத் தொடங்கி, பின்னர் சாத்துத் தலைவராகி, இறுதியில் லேயின் 'அக்ஸகால்' ஆனார். 'வெண்தாடி' என்று பொருள்படும் அப்பதவி, வணிகர்களின் வழக்குகளையும் தேவைகளையும் கவனிக்கும் பொறுப்புடையது. பிழைப்புக்காகக் கற்ற உடைந்த ஆங்கிலத்தில் அவர் எழுதிய தன்வரலாறு 1923இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. துரைமார்களின் பணியாள் என்பதே அந்நூலுக்கு இடப்பட்ட தலைப்பு. காரகோரம் பகுதியின் ஆறு ஒன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 2020 ஜூன் மாதம் அவ்வாற்றங்கரையில் இந்திய, சீனப் படைகள் மோதி இந்திய வீரர் இருபதின்மர் உயிர் நீத்தபோது கல்வான் என்ற பெயரை நாடே உச்சரித்தது. அது ஓர் அர்கோன் குதிரைக்காரரின் பெயர் என்று எண்ணியவர் எத்தனை பேர்?

பிறர் காணிக்கையைச் சுமந்தவர்கள்

லேயிலிருந்து கிழக்கே லாஸாவுக்குச் சென்ற பாதைக்கும் தனி வரலாறு உண்டு. 1684ஆம் ஆண்டின் திங்மோஸ்காங் உடன்படிக்கையின்படி லடாக் மன்னர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 'லோப்சக்' என்னும் காணிக்கைச் சாத்தை லாஸாவுக்கு அனுப்பிவந்தார். பௌத்த மன்னர் பௌத்தத் தலைமைக்கு அனுப்பும் காணிக்கை அது. பிற்காலத்தில் அச்சாத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள் லேயின் முஸ்லிம் வணிகக் குடும்பத்தினர். அக்குடும்பத்தைச் சேர்ந்த அப்துல் வாஹித் ராது, 1942ஆம் ஆண்டின் இறுதி லோப்சக் சாத்தோடு தாம் லாஸா சென்றதைப் பின்னாளில் நூலாக எழுதினார்.

நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மிர்ஸா ஹைதர் படையோடு சென்று அடைய முடியாத லாஸாவை, காணிக்கையோடும் தேயிலைப் பொதியோடும் சென்ற முஸ்லிம்கள் மீண்டும் மீண்டும் அடைந்தனர். தம் தொழுகையை விடாமலும், பிறர் ஒப்படைத்த பொருளில் குறை வைக்காமலும் அவர்கள் சென்றனர். வழிநெடுகப் பௌத்த நாடோடிகள் அவர்களுக்கு யாக்குகளும் தங்குமிடமும் தந்தனர். நம்பிக்கை இல்லாத இடத்தில் மன்ஸில் இல்லை. வழியில் உள்ளவனைப் பகைத்துக்கொண்டு அம்மலைகளில் எவரும் ஓர் இரவும் தங்க முடியாது.

அடைபட்ட பாதையும் திறந்த சாலையும்

1949இல் சின்ஜியாங் கம்யூனிஸ்ட் சீனத்தின் ஆட்சிக்குள் வந்தபின் யார்கந்து வணிகம் நின்றது. 1959ஆம் ஆண்டின் நிகழ்வுகளுக்குப் பின் லாஸாப் பாதையும் அடைபட்டது. சாத்தோடு வந்து நுப்ராவில் தங்கிவிட்ட இரட்டைத் திமில் ஒட்டகங்களின் வழித்தோன்றல்கள் இன்று ஹுந்தர் மணற்பரப்பில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் ஸ்ரீநகர் – லே மோட்டார் சாலை உருவானது. 1974இல் லடாக் வெளிப்பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 2020 அக்டோபரில் ரோதாங்கின் அடியில் அடல் சுரங்கப்பாதையும், 2025 ஜனவரியில் சோனாமார்க் சுரங்கப்பாதையும் திறக்கப்பட்டன. பாதை சுருங்கச் சுருங்க, உடல் பழகுவதற்கு வழியே அளித்துவந்த நாட்களும் சுருங்கிவிட்டன. மோட்டார் வண்டிக்கு மூச்சு இரைப்பதில்லை. ஆகவே அதில் அமர்ந்திருப்பவருக்கும் இரைக்காது என்று எண்ணிவிடுகிறோம். தம்கீரியின் இயல்போ ஹைதரின் காலத்தில் இருந்ததுதான்.

ஆதலால் இன்று இப்பயணத்தைத் திட்டமிடுவோர் கிலோமீட்டர் கணக்கை விட்டு மன்ஸில் கணக்குக்குத் திரும்புவது நலம். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்தவேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓரிடத்திலேயே ஓய்வு கொள்ளவேண்டும் என்பது மருத்துவர் கூறும் பொதுவிதி. இவ்விதிப்படி பார்த்தால் மேற்கு வழியின் சிறப்பு விளங்கும். 1,585 மீட்டரில் உள்ள ஸ்ரீநகரிலிருந்து புறப்பட்டு, முதல் இரவு சுமார் 2,700 மீட்டரில் சோனாமார்க்கிலும், 3,528 மீட்டர் உயரமுள்ள சோஜி கணவாயைக் கடந்து மறுஇரவு ஏறத்தாழ அதே 2,700 மீட்டரில் கார்கிலிலும் தங்கலாம். மூன்றாம் நாள் 4,108 மீட்டரில் ஃபோது கணவாயைக் கடந்தாலும் அன்று உறங்குவது லாமாயுருவிலோ லேயிலோதான். ஏறிய உயரத்திலிருந்து இறங்கியே உறங்குகிறோம். அங்கே இரண்டு இரவுகளேனும் ஓய்ந்திருந்து, பின்னரே கர்துங்கைக் கடந்து நுப்ராவுக்கு இறங்கவேண்டும். பாங்கோங் ஏரிக்கரை 4,200 மீட்டருக்கும் மேல். அது இறுதியில் வருவதே முறை.

தெற்கே மணாலி வழியில் கணக்கு வேறு. சுமார் 3,100 மீட்டரில் கேலாங்கில் உறங்கியவர், மறுநாள் 4,890 மீட்டரில் பாராலாச்சா கணவாயைத் தாண்டிச் சர்ச்சுவில் தங்கினால், உறங்கும் உயரம் ஒரே நாளில் ஏறத்தாழ 1,200 மீட்டர் பாய்ந்துவிடுகிறது. அவ்வழியைப் போகும் வழியாகக் கொள்ளாமல், உடல் பழகியபின் திரும்பும் வழியாகக் கொள்வதே அறிவுடைமை. அங்கே ஓடைகள் சாலையைக் கடக்கும் இடங்களுக்கு வண்டியைக் காலையிலேயே கொண்டு சேர்க்கவேண்டும் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். ஷ்யோக் கரையில் கிராயாகஷ் சொன்னதும் அதுவே. எரிபொருள் நிலையங்கள் அரிதான வெளிகளில் அடுத்த நிலையம்வரை கணக்கிட்டு நிரப்பிச் செல்வது, வாற்கோதுமை மூட்டையைக் கணக்கிட்ட அதே பழக்கத்தின் தொடர்ச்சிதான். துணைக்கு வருபவருள் ஒருவருக்கு ஓயாத தலைவலியும் தடுமாற்றமும் ஓய்வில் இருக்கும்போதும் மூச்சுத்திணறலும் கண்டால், திட்டத்தை அங்கேயே நிறுத்தி உடனே அவரைத் தாழ்ந்த இடத்துக்கு இறக்கி, மருத்துவ உதவி தேடவேண்டும். மன்ஸில் என்ற சொல்லுக்கே இறங்குமிடம் என்று பொருள் என்பதை இவ்விடத்தில் நினைவிற்கொள்வது பொருந்தும்.

நாம் இவ்வரலாற்றை எடுத்துரைக்க மற்றொரு காரணமும் உண்டு. கார்கிலில் முன்ஷி அஜீஸ் பட் 1920இல் கட்டிய சராய், சாத்துகள் நின்றபின் நெடுங்காலம் பூட்டியே கிடந்தது. பின்னாளில் அதைத் திறந்து பார்த்த அவருடைய வழித்தோன்றல்கள், குதிரைச் சேணங்களையும் துணிகளையும் கடிதங்களையும் கணக்கேடுகளையும் கண்டெடுத்து, 2004இல் ஓர் அருங்காட்சியகம் அமைத்தனர். லேயின் சாஸ் சோமாவில், சாத்துகள் பொதி இறக்கிய இடத்தில் மத்திய ஆசிய அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. லடாக் செல்வோரின் நிரல்களில் ஏரிக்கும் கணவாய்க்கும் நேரம் ஒதுக்கப்படுகிறது. இவ்விரண்டு இடங்களுக்கும் ஒதுக்கப்படுவது குறைவு. உடல் பழகுவதற்காக எப்படியும் கார்கிலில் ஓர் இரவும் லேயில் இரண்டு பகலும் தங்கவேண்டியிருக்கிறது. அந்த ஓய்வு நாட்களை இவ்வேடுகளைக் காண்பதற்கும், கடைத்தெருவில் அமர்ந்திருக்கும் முதியவர்களிடம் அவர்தம் தந்தையர் போன வழியைக் கேட்டறிவதற்கும் ஒதுக்கவேண்டும் என்று நாம் பரிந்துரைக்கிறோம். சாத்துகளோடு போனவர்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் மறைவதற்குள் கேட்டு எழுதிவைப்பது, பாதையோரத்தில் விட்டுச்சென்ற பொதியை உரியவரிடம் சேர்ப்பதைப் போன்ற ஓர் அமானிதமாகும்.